தங்கையின் நினைவாக ஒரு தொகை: லுகேமியா ஆராய்ச்சிக்கு எப்படிக் கொடுப்பது?

சாட்ஸ்வொர்த் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை சென்ற ஆண்டு ஆடி மாதம் அக்யூட் மைலாய்ட் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயால் காலமானாள். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து ஐந்து மாதங்கள்தான் இருந்தாள். வரும் ஆடியில் அவளுக்குத் தலைத்திவசம். வழக்கமான அன்னதானத்தோடு நிறுத்திவிடாமல் அவள் பெயரில் வேறொன்றும் செய்ய வேண்டும் என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் இருக்கும் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து 1,40,000 ராண்ட் திரட்டியிருக்கிறோம். இந்தத் தொகை இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்குக் காரணம் ஒரு சிறிய சம்பவம். அவளுக்கு ஏழு நாள் இடைவிடாமல் ஒரு மருந்து நரம்பு வழியே ஏறியது. அதில் மூன்று நாள் இன்னொரு மருந்தும் சேர்ந்தது. அந்த இரண்டாவது மருந்து நல்ல சிவப்பு. அதைப் பார்த்து அவள், "அண்ணா, ஆரத்தி கரைத்தது மாதிரி இருக்கிறது" என்றாள். இந்தச் சிகிச்சை முறை எப்போது வந்தது என்று பணியிலிருந்த இளம் மருத்துவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். 1973 என்றார். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் என் தங்கைக்கு முதலில் கொடுப்பதற்கு அதே ஏழு நாளும் மூன்று நாளும்தான் இருந்தன என்பதை என்னால் இன்றுவரை மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை. புதிய மருந்துகள் சில வந்திருக்கின்றன என்றும், அவற்றின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது என்றும் அந்த மருத்துவரே சொன்னார்.

என் தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆராய்ச்சி என்பது அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கோடிக்கணக்கில் செலவழித்து நடப்பது, நம் பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி, அதே பணத்தை டர்பனில் படுத்திருக்கும் நோயாளிகளின் பயணச் செலவுக்குக் கொடுத்தால் கண்ணெதிரே பயன் தெரியும் என்கிறான். அவன் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. இந்தத் துறையை அருகிலிருந்து பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பதால் கேட்கிறேன். ஒரு குடும்பம் கொடுக்கும் இந்த அளவுத் தொகையால் ஆராய்ச்சியில் உண்மையாகவே ஏதாவது நடக்குமா? நடக்கும் என்றால் யாரிடம், எப்படிக் கொடுப்பது?

வார்டு அக்கா:

ஐயா, உங்கள் தங்கைக்கு என் அஞ்சலி. நான் பதினெட்டு ஆண்டுகள் இரத்த நோய் வார்டில் செவிலியாக இருந்தவள். தம்பியின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போர்ட் ஷெப்ஸ்டோனுக்கு அப்பாலிருந்தும் நியூகாஸிலிலிருந்தும் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் குழந்தையின் முகம் தெளிந்துவிடும், ஓடி விளையாடத் தொடங்கிவிடும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவுக்கு மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். டாக்ஸிக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லாத வாரத்தில் அந்தத் தாய் வரமாட்டாள். அடுத்த வாரமும் வரமாட்டாள். நான்கு மாதம் கழித்து அந்தக் குழந்தை மீண்டும் வரும்போது நோய் திரும்பியிருக்கும். இதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அலமாரியில் இருக்கிறது, பேருந்துக் கட்டணம்தான் இல்லை என்ற நிலையில் ஒரு குழந்தை போவதைப் பார்த்தவளுக்கு ஆராய்ச்சி என்ற சொல் சற்றுத் தொலைவில்தான் கேட்கும்.

சாக் என்று நாம் சொல்லும் குழந்தைப் புற்றுநோய் அறக்கட்டளை 1979இலிருந்து இந்த நாட்டில் இயங்குகிறது. சிகிச்சை மையங்களுக்கு அருகில் தங்கும் இல்லங்கள் நடத்துகிறது, குடும்பங்களுக்குப் பயணத்துக்கும் உதவுகிறது. அதற்குக் கொடுப்பதும் லுகேமியாவுக்கு எதிராகக் கொடுப்பதே. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பியைத் தோற்கடித்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆய்வகத்தான்:

வணக்கம் ஐயா. நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து கேப் டவுனில் ஓர் இரத்தவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு, அதாவது சிறு தொகையால் ஏதாவது நடக்குமா என்பதற்கு, என்னால் பதில் சொல்ல முடியும்.

லுகேமியாவுக்கு மருந்தே கிடையாது என்றிருந்த காலத்தில், 1948இல், பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அது நிலைக்கவில்லை, ஆனால் அதற்கு முன் எதற்குமே அசையாத நோய் அது. அந்தப் பொருளை உருவாக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே குழுவிலிருந்துதான் வந்தது. இன்று டர்பன் வார்டில் குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்படுவது அந்த மருந்துதான்.

ஃபார்பரின் வேலையைத் தொடர்ந்து நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு வேண்டியது. அதே 1948 மே மாதத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சியில், படுக்கையில் இருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் தனக்குப் பிடித்த பேஸ்பால் வீரர்களோடு பேசினான். அவனை ஜிம்மி என்று மட்டும் அறிமுகப்படுத்தினார்கள். நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் அனுப்பிய தொகை 2,31,000 டாலரைத் தாண்டியது. ஜிம்மி நிதி என்று இன்றும் நடக்கும் அந்த அறநிதியின் தொடக்கம் அதுதான். பிரிட்டனில் இன்று பிளட் கேன்சர் யூகே என்ற பெயரில் இருக்கும் அமைப்பு, 1960இல் மிடில்ஸ்பரோவில் ஆறு வயது மகளை லுகேமியாவுக்குப் பறிகொடுத்த பெற்றோர் தொடங்கியது. சிகிச்சைக்குப் பிறகு உடலில் எஞ்சியிருக்கும் மிகச் சில நோயணுக்களை அளந்து, எந்தக் குழந்தைக்குக் கடுமையான மருந்தைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கும் முறை வளர்வதற்கு அந்த அமைப்பின் பணமும் உதவியது. மெதுவாக வளரும் இன்னொரு வகையான குரானிக் மைலாய்ட் லுகேமியாவுக்கு 2001இல் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரையின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அதைப் பரிசோதித்த பிரையன் ட்ரூக்கருக்கு, மகனை இழந்த ஒரு குடும்பம் 1949இல் தொடங்கிய அமெரிக்க லுகேமியா சங்கத்தின் ஆதரவு இருந்தது. மருந்து நிறுவனம் நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்று தயங்கியபோதும் அவர் விடாமல் நின்றார்.

ஆனால் 1,40,000 ராண்டால் புது மருந்து வராது, அந்த எதிர்பார்ப்போடு கொடுக்காதீர்கள். ஓர் ஆய்வகத்தில் எதற்குப் பணம் கிடைப்பது அரிது என்று நான் தினமும் பார்க்கிறேன். பெரிய நிதி அமைப்புகள் ஏற்கெனவே முதற்கட்டச் சான்று உள்ள திட்டங்களுக்குத்தான் பணம் தருகின்றன. அந்த முதற்கட்டச் சான்றை உருவாக்க, நாற்பது ஐம்பது மாதிரிகளைப் பரிசோதித்துப் பார்க்க, யாரும் தருவதில்லை. நோயாளியின் எலும்பு மஜ்ஜை மாதிரியை பூஜ்யத்துக்குக் கீழ் எண்பது டிகிரிக் குளிரில் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி, மின்வெட்டில் அதைக் காப்பாற்றும் ஜெனரேட்டர், நோயாளிகளின் பதிவேட்டை வாரந்தோறும் சரியாக எழுதி வைக்கும் ஓர் ஆளின் பகுதிநேரச் சம்பளம் இவையெல்லாம் இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. இவற்றின் மேல் யாரும் பெயர்ப்பலகை வைக்க விரும்புவதும் இல்லை. உங்கள் தொகை பொருந்தும் இடம் இது.

பீனிக்ஸ் அம்மா:

இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா வந்தது. இப்போது அவளுக்கு 17, நலமாக இருக்கிறாள், இறைவனுக்கு நன்றி.

கடைசி இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே மாத்திரை. தினமும் இரவு மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். மாத்திரையை இரண்டாக உடைக்கும்போது தூள் சிந்தக் கூடாது என்பதற்காக வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்து உடைப்பேன். எல்லாக் குழந்தைகளுக்கும் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி கணக்கிட்ட அளவு. என் மகளுக்கு அந்த அளவைக் கொடுத்தால் மூன்றாவது வாரம் வெள்ளை அணுக்கள் தரைமட்டமாகிவிடும். காய்ச்சல், மருத்துவமனை, பத்து நாள் மருந்து நிறுத்தம். மறுபடியும் தொடங்கினால் மறுபடியும் அதே கதை. அளவைப் பாதியாக்கினார்கள், பிறகு கால்வாசியாக்கினார்கள், கால்வாசியில்தான் அவள் நின்றாள். பக்கத்துப் படுக்கையிலிருந்த சிறுவன் முழு அளவையும் சாதாரணமாகத் தாங்கினான். மருந்து போதவில்லையென்றால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் நான் தூங்காத இரவுகள் அதிகம். ஏன் இப்படி என்று கேட்டபோது, ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்ற பதில்தான் கிடைத்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த இரண்டு ஆண்டும் கொடுத்த அளவு, இரத்தப் பரிசோதனை எண், காய்ச்சல் வந்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். ஐயா, உங்கள் கேள்விக்கு இது பதில் ஆகுமோ தெரியாது. எனக்குப் புது மருந்து வேண்டியிருக்கவில்லை. பழைய மருந்தில் என் பிள்ளைக்கு எவ்வளவு என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

ஆய்வகத்தான்:

அம்மா, நீங்கள் எழுதியதற்கு இன்று ஒரு பதில் இருக்கிறது, அல்லது இருக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மகளைப் பரிசோதிக்காமல் அவளுக்கு இதுதான் என்று நான் சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

மெர்காப்டோபியூரின் உடலுக்குள் போய்ச் செயல்படும் வடிவமாக மாறுகிறது. அந்த வடிவம் அளவுக்கு மீறிச் சேராமல் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உண்டு; அதன் மரபணுவின் பெயர் என்யூடிடி15. சிலருக்குப் பிறப்பிலேயே அந்த நொதி பலவீனமாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகி எலும்பு மஜ்ஜையின் வேலையை முடக்கிவிடும். குறைந்த அளவே அவர்களுக்குப் போதுமான சிகிச்சை. அதாவது கால்வாசி கொடுத்ததால் குழந்தைக்கு மருந்து குறைந்துவிட்டது என்று பொருளில்லை. இந்த மரபணு மாற்றம் ஐரோப்பியர்களிடம் அரிது. கிழக்காசியர்களிடமும் நம்மைப் போன்ற தெற்காசியர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஐரோப்பியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் டிபிஎம்டி என்ற வேறொரு மரபணுவைப் பற்றி மருத்துவ உலகம் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. என்யூடிடி15 பற்றித் தெரிந்ததே 2014இல்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அளவு நிர்ணயிக்கச் சொல்லும் சர்வதேச வழிகாட்டு நெறி 2018இல் வந்தது.

வழக்கமான மருந்து அளவு பெரும்பாலும் வெள்ளையர் குழந்தைகள் பங்கேற்ற ஆய்வுகளிலிருந்து வந்தது. யாருடைய உடம்பு ஆராயப்பட்டதோ அவர்களுக்குப் பொருந்தும் விடை முதலில் கிடைத்தது. டர்பன் இருக்கும் இந்தக் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் நம் வழியினர் இத்தனை இலட்சம் பேர் இருக்கும்போது, லுகேமியாவுக்கு மருந்து எடுக்கும் நம் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது, அவர்களுக்கு எந்த அளவு பொருந்தியது என்ற கேள்வி ஒரு சிறு ஆய்வுக்கு உரியது. புது இயந்திரம் வேண்டாம், புது மருந்து வேண்டாம். ஆசிரியர் ஐயா, நான் சொன்ன முதற்கட்டச் சான்று என்பது இப்படிப்பட்டதுதான்.

டோங்காட் வாசி:

பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மட்டும் வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பையனுக்கு வெளிநாட்டில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக வீடு வீடாகப் போய் வசூலித்தோம், மூன்று ஞாயிறு பிரியாணி விற்றோம். பயணத்துக்கு முன்பே பையன் போய்விட்டான். மீதி இருந்த பணத்தை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. கணக்கு ஒருவர் பெயரில் இருந்தது. அந்தப் பணம் என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதன்பின் எங்கள் தெருவில் யார் எதற்கு வந்து கேட்டாலும் கதவு திறப்பதில்லை. அந்தப் பையனின் தாய் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

கணக்குப்பிள்ளை:

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முப்பது ஆண்டுகள் தணிக்கையாளராக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். டோங்காட் நண்பர் சொன்ன துயரம் பெரும்பாலும் தீய எண்ணத்தால் நேர்வதில்லை, முதல் நாளே எழுதி வைக்காததால் நேர்கிறது.

வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடையை உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். வரிக்குரிய வருமானம் 4,00,000 ராண்ட் உள்ளவர் 60,000 கொடுத்தால் இந்த ஆண்டு 40,000 கழியும்; மீதி 20,000 அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போகும். ஆனால் பொதுநல அமைப்பாகப் பதிவு செய்த எல்லோருக்கும் 18ஏ ரசீது கொடுக்கும் உரிமை கிடையாது. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் சொல்லப்பட்ட பணிகளைச் செய்பவர்களுக்கு மட்டுமே அது உண்டு. ஆகவே பணம் அனுப்பும் முன்பே, 'இந்த நோக்கத்துக்கு நான் கொடுக்கும் தொகைக்கு 18ஏ ரசீது தருவீர்களா' என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். வரித்துறை அவர்களுக்குக் கொடுத்திருக்கும் எண் 930 என்று தொடங்கும். சமூக வளர்ச்சித் துறை கொடுக்கும் லாபநோக்கற்ற அமைப்பு எண் வேறு. அதைக் காட்டிவிட்டு 18ஏ பற்றிப் பேச முடியாது.

ஐயாவின் குடும்பத்துக்கு முக்கியமான ஒன்று. எல்லோருடைய பணத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்து நீங்கள் ஒருவராக அனுப்பினால் ரசீது உங்கள் ஒருவர் பெயரில்தான் வரும், மற்றவர்களுக்கு வரிக் கழிவு கிடைக்காது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து, ஒரே குறிப்புச் சொல்லைப் போட்டு நேரடியாக அனுப்புவதே சரி. 2023 மார்ச்சிலிருந்து ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் போன்ற கூடுதல் விவரங்களும் இருக்க வேண்டும் என்பதால் அவற்றை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். விருந்துச் சீட்டு, குலுக்கல் சீட்டு, பிரியாணிப் பொட்டலம் வாங்கிய பணத்துக்கு இந்த ரசீது கிடையாது, ஏனென்றால் அதற்கு ஈடாக ஒன்றைப் பெற்றுவிட்டீர்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்பினாலும் கிடையாது.

உயில் எழுதும் வயதில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்கு உயிலில் விட்டுச்செல்லும் தொகையின் மேல் எஸ்டேட் வரி விழாது. நம்மவர்கள் வீட்டையும் நகையையும் பிள்ளைகளுக்கு எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சிறு பங்கை இப்படி எழுதலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கடைசியாக, நோக்கம் குறித்த நன்கொடை. 'லுகேமியா ஆராய்ச்சிக்கு மட்டும், இன்ன பிரிவுக்கு, இன்ன கேள்விக்கு, மூன்று தவணையில்' என்று கடிதத்தில் எழுதுங்கள். அந்த ஆய்வு நடக்காமல் போனால் பணம் எதற்குத் திருப்பப்படலாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பெரிய நிறுவனங்கள் நிர்வாகச் செலவுக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது உண்டு; அது எவ்வளவு என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முழுவதும் போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். ஆய்வகத்தான் சொன்ன ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் நிர்வாகச் செலவுதான்.

உம்லாங்கா இளைஞன்:

மூத்தவர்கள் பேசும் இடத்தில் ஒன்றைச் சேர்க்க அனுமதி வேண்டும். பணத்தோடு இன்னொன்றையும் கொடுக்கலாம். அது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக் கொடுப்பது.

எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து பெறும் மாற்றுச் சிகிச்சைக்கு எச்எல்ஏ என்ற திசு வகை பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தவில்லையென்றால் கொடையாளிகளின் உலகப் பதிவேடுகளில் தேட வேண்டும், தன் இனவழியைச் சேர்ந்தவரிடம்தான் பெரும்பாலும் பொருத்தம் கிடைக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த ஒருவருக்குப் பொருந்தும் ஆள் இன்று சாட்ஸ்வொர்த்திலும் இருக்கலாம், வேலூர்ப் பக்கத்து ஊரிலும் இருக்கலாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு அங்கே இருப்பவர்களைச் சேர்க்கிறது. இங்கே 1991இலிருந்து தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவேடு இருக்கிறது. கொடையாளிகளைச் சேர்க்க 1999இல் தொடங்கிய சன்ஃபிளவர் ஃபண்ட் இப்போது டிகேஎம்எஸ் ஆப்பிரிக்காவாக நடக்கிறது. ஆனால் பதிவு செய்திருக்கும் நம்மவர்கள் மிகக் குறைவு.

பதிவு செய்பவருக்குச் செலவில்லை, ஆனால் அந்தப் பஞ்சுக் குச்சியை ஆய்வகத்தில் வகைப்படுத்த ஆகும் செலவைப் பதிவேடு நன்கொடையிலிருந்துதான் ஏற்கிறது. ஐயாவின் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் திவசத்துக்கு வரும் இளையவர்களை அங்கேயே பதிவு செய்யலாம். ஒரு வேண்டுகோள்: அழைப்பு வந்தால் பின்வாங்க மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். பொருத்தம் கிடைத்ததென்று நோயாளியிடம் சொன்ன பிறகு கொடையாளி தொலைபேசியை எடுக்காமல் போவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஆய்வகத்தான்:

இளையவர் சொன்னது சரி. இப்போது பாதிப் பொருத்தமுள்ள தாய், தந்தை, பிள்ளையிடமிருந்தும் மாற்றுச் சிகிச்சை செய்ய முடிகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் ஆராய்ச்சி கொடுத்ததுதான். பதிவேடு வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை.

ஐயா, உங்கள் கடிதத்துக்கு இன்னும் இரண்டு செய்திகள். பணம் கொடுத்தவர் என்பதால் எந்தக் குழந்தையைச் சேர்க்க வேண்டும், என்ன முடிவு வர வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது. அது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் நடக்கும், அந்த அனுமதிக்கே மாதங்கள் ஆகலாம். முடிவு நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலும் அதை வெளியிட வேண்டும் என்று மட்டும் நீங்கள் கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள்.

வார்டு அக்கா:

பீனிக்ஸ் அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. மருந்து நிறுத்திய பத்து நாள்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வராத குழந்தைகள் என் நினைவுக்கு வருகிறார்கள். பயணக் கட்டணம் இல்லாததால்தான் வரவில்லை என்று நாங்கள் எழுதிவைத்தோம். மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு உடம்பு மோசமாகிறது என்று பயந்து வராமல் போன தாய்மார் அதில் எத்தனை பேர் என்று நாங்கள் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அதையும் ஒருவர் ஆராய வேண்டும். அதற்குக் குளிர்ப்பெட்டி கூட வேண்டாம். ஜூலு மொழி பேசும் ஒருவர், ஒரு கார், ஆறு மாதம் போதும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள் ஐயா. அவர் சொன்ன பயணச் செலவும் நீங்கள் சொல்லும் ஆராய்ச்சியும் ஒரே வார்டில்தான் இருக்கின்றன.

சாட்ஸ்வொர்த் ஆசிரியர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். எல்லாப் பதிவுகளையும் அச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் முன் படித்தேன். வார்டு அக்காவின் கடைசிப் பதிவைத் தம்பியே எடுத்து இரண்டாம் முறை படித்தான்.

முடிவு இதுதான். 20,000 ராண்ட் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும். 30,000 ஸ்டெம் செல் பதிவேட்டுக்கு, புதிதாகச் சேர்பவர்களை வகைப்படுத்தும் செலவுக்கு. மீதி 90,000 மூன்று ஆண்டுகளில் மூன்று சம தவணைகளாக, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் இரத்தவியல் பிரிவுக்கு, மெர்காப்டோபியூரின் அளவைப் பற்றிய ஆய்வுக்கு. தங்கைக்கு வந்தது குழந்தைகளின் லுகேமியா இல்லையே, அவளுடைய நோய்க்கல்லவா கொடுக்க வேண்டும் என்று மூத்த மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி, எனக்கும் அது உறுத்தியது. அவள் முப்பது ஆண்டுகள் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அவளுடைய மகள்தான், 'அம்மா இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்' என்று சொன்னாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி நோக்கம், தவணை, ஆய்வு நடக்காவிட்டால் பணம் எங்கே போகலாம், நிர்வாகப் பங்கு எவ்வளவு, 18ஏ ரசீது எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். நான்கு கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்துவிட்டது. நிர்வாகப் பங்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவு எதுவானாலும் வெளியிடப்படும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பெயரில் பலகை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம் மட்டும் கேட்டிருக்கிறோம். திவசத்தன்று பதிவு செய்ய இதுவரை 11 இளையவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உம்லாங்காத் தம்பி அன்று காலையில் வந்து அவர்களிடம் பேச முடியுமா?

உம்லாங்கா இளைஞன்:

வருகிறேன் ஐயா. பேசுவதோடு, ஸ்டெம் செல் கொடுத்த நண்பர் ஒருவரையும் அழைத்து வருகிறேன். வலிக்குமா என்று இளையவர்கள் கேட்பார்கள், அதற்கு அவர் பதில் சொல்வதுதான் பொருத்தம்.

பீனிக்ஸ் அம்மா:

ஆசிரியர் அண்ணா, இதைப் படித்துவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை இறக்கினேன். ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன, நடுவில் ஒரு பக்கத்தில் மருந்துச் சிரப் கொட்டி ஆறு நாள் எழுத்து அழிந்திருக்கிறது. மற்றவை படிக்கும்படி இருக்கின்றன. 612 இரவுகளின் கணக்கு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்தால் ஆய்வில் சேர விரும்புகிறாயா என்று மகளிடம் கேட்டேன். அடுத்த ஆண்டு 18 ஆகிறது, என் கையெழுத்தை நானே போடுகிறேன் என்றாள். அந்த ஆறு நாள்களில் எவ்வளவு கொடுத்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.